தலையில் பீர், வாலில் அலை, நடுவில் வறண்ட ஆறு!

சனிக்கிழமை மாலை. ஆம்பூரில் செருப்பு ஆலைகளின் வாசலில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. வேலை முடிந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக ஏறி அமர்கிறார்கள். கிராமங்களை நோக்கி பஸ்கள் புறப்படுகின்றன. பிரியாணிக் கடைகளின் முன்னால் கூட்டம் சேருகிறது. வேலூரில் கல்லூரி மாணவர்கள் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நிற்கிறார்கள்.

கோடை முடிகிற காலம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திய வெயில் தணிந்திருக்கிறது. மாலையானால் எங்கோ இடி முழங்குகிறது. நாளை விடுமுறை. கையில் சம்பளப் பணம் இருக்கிறது. எங்கே போவது?

வசதியுள்ள வாலிபர்கள் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் மேற்கே போகும். ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தூரத்தில் பெங்களூர்! அங்கே, கண்ணெதிரே செப்புக் கொப்பரைகளில் காய்ச்சிய பீரை விதவிதமாகச் சுவை பார்க்கலாம். இன்னொரு கூட்டம் கிழக்கே போகும். வேலூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர் போனால் மாமல்லபுரம்! அங்கே மாலை வேளையில் பலகை மீது ஏறி நின்று அலையில் சறுக்கி விளையாடலாம்.

பீரும் அலையும்! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் தேசப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஓர் அதிசயம் புலப்படும்.

ஒரே ஆறு

பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை இருக்கிறது. அந்த வட்டாரத்தில்தான் பாலாறு பிறக்கிறது. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடிய பின், வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சீபுரம், செங்கற்பட்டு என்று 222 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர்.

அலைச்சறுக்கு நடக்கும் மாமல்லபுரம் அந்தக் கழிமுகத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. பீர்க் கோப்பைகள் நுரைக்கும் பெங்களூர் அந்த ஆறு பிறக்கும் மலைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது.

ஆக, பாலாற்றங்கரை வாலிபர்கள் பொழுது போக்குவதற்குத் தங்கள் ஆற்றின் தலைப் பக்கம் ஓடுகிறார்கள். அல்லது வால் பக்கம் ஓடுகிறார்கள். நடுவில், சொந்த ஊரை ஒட்டிக் கிடக்கும் ஆற்றில் இறங்க ஆளில்லை. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் தோல், உப்பு, கோர்ட்டு, மதுவிலக்கு என்று பல கதவுகள் திறக்கின்றன. முதலில் கடலுக்குப் போய் வருவோம்.

அலை எங்கிருந்து வருகிறது?

மாமல்லபுரத்துக் கரையில் உடையும் அலையெல்லாம் மாமல்லபுரத்தில் பிறந்தது அல்ல. தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தென்துருவத்தை ஒட்டிய சமுத்திரத்தில் புயற்காற்று வீசுகிறது. அங்கே எழும் பெரும் அலைகள் நாட்கணக்கில் பிரயாணம் செய்து வங்காள விரிகுடாவை அடைகின்றன. தமிழ்நாட்டின் தென்கரைக்கு இலங்கை ஒரு மதில் போல நின்று அவற்றில் பெரும் பகுதியைத் தடுத்து விடுகிறது. வடக்கே வர வர அந்த மதிலின் மறைவு குறைகிறது. அதனால்தான் மாமல்லபுரமும், சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்றன.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, அலையை நிமிர்த்தி நிறுத்தும். கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று, அலையைக் குலைத்து விடும். ஆகவே விடியற்காலை சிறந்த நேரம். பிற்பகலில் கடற்காற்று எழுந்து அலையைக் கலைக்கும். பொழுது சாயும் வேளையில் அந்தக் காற்று அடங்கினால் மறுபடியும் ஒரு மணி நேரம் கிடைக்கும். வெயிலும் இல்லை, தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும். உள்நாட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த அந்திப் பொழுதுதான் பிடித்தமானது.

இது மேல்நாட்டு விளையாட்டுத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டு வெளியிலிருந்து வந்தது உண்மை. வித்தை இங்கேயே இருந்தது. உடையும் அலைகளின் நடுவே கட்டுமரத்தைச் செலுத்திக் கரையேறுவது சோழமண்டலக் கரை மீனவர்களுக்கு அன்றாட வேலை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘கட்டமரான்’ என்ற சொல்லே நமது கட்டுமரம்தான்.

கோவளத்தின் கட்டளை

இந்தியாவில் இந்த விளையாட்டின் வரலாறு நீண்டதல்ல. 2004-ல் கர்நாடகக் கரையில் மூல்கி என்ற ஊரில் ஒரு கழகம் தோன்றியது. பிறகு கோவளத்தில் மீனவ வாலிபரான மூர்த்தி மேகவன் அலையில் தேர்ச்சி பெற்றார். தமது குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 2013 முதல் விழா நடந்தது. தென் ஆப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் வந்து கலந்து கொண்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு கட்டளை உண்டு. புகை கூடாது, குடி கூடாது, அலை மட்டும்தான்!

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். அலையில் ஆடி விட்டுக் கரையேறி ஒரு கோப்பை பீர் குடிப்பதுதான் மேல்நாட்டு வழக்கம். ஆனால் மீனவக் குப்பத்தின் நிலைமை வேறு. அங்கே குடி என்பது அந்தி நேரத்து உல்லாசம் அல்ல. பிடித்து வந்த மீனின் காசை வீடு போய்ச் சேர விடாமல் விழுங்கும் பூதம். அந்தப் பூதத்திடமிருந்து பிள்ளைகளைப் பிடித்து இழுக்கும் கயிறாகவே அலைப்பலகை அங்கே பயன்பட்டது. பலகை மீது நிற்க வேண்டுமானால் கால் தடுமாறக் கூடாது. விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். பிரசங்கம் செய்து சாதிக்க முடியாததை ஒரு விளையாட்டு சாதித்தது.

பலனும் கிடைத்தது. தேசியப் போட்டிகளில் கோவளம், மாமல்லபுரம் குப்பங்களின் பிள்ளைகள் முன்னணியில் நின்றார்கள். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன் போட்டியே அங்கு நடந்தது. அதில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆசிய சாம்பியன் போட்டியில் இந்தியர் ஒருவர் தனியாகப் பெற்ற முதல் பதக்கம் அது.

பெங்களூர்க் கோப்பை

இனி மேற்கே திரும்புவோம்.

தென்னாட்டுக்கு பீர் புதிதல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்களின் தாகத்துக்காக 19-ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரியில் பீர் காய்ச்சினார்கள். மலை நீரும் குளிர்ச்சியும் அதற்கு ஒத்துப் போயின. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னாட்டு ஆலைகள் சிலவற்றை ஒன்று சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை நிறுவினார். பெங்களூர் பீர் நகரமானதற்கு அது ஒரு காரணம்.

2010-க்குப் பிறகு அங்கே புதிய ரகம் ஒன்று தலையெடுத்தது. பெரிய ஆலையில் லட்சக் கணக்கான புட்டிகளில் அடைக்காமல், சாப்பாட்டு விடுதியிலேயே சிறிய கொப்பரைகளில் காய்ச்சி, அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் பீர். ‘கிராப்ட் பீர்’ என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கென்று கர்நாடக சர்க்கார் தனி லைசென்சு கொடுத்தது. பார்லியை முளைக்க வைத்து உலர்த்திய மால்ட், கசப்புக்கு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, நுரைக்க ஈஸ்ட், பிறகு தண்ணீர் - இவ்வளவுதான் சரக்கு. மாம்பழக் காலத்தில் மாம்பழம் சேர்த்துக் காய்ச்சுவதும் உண்டு. நான்கைந்து சிறு குவளைகளை ஒரு பலகையில் வைத்து, ஒவ்வொன்றாகச் சுவை பார்க்கத் தருவார்கள். குடித்து மயங்குவதற்கல்ல, சுவை அறிவதற்கே என்பது அந்த விடுதிகளின் வாதம்.

வாதம் சரியா, தவறா? விலையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆம்பூர்ச் செருப்பு ஆலையில் தையல் யந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கும் பெண்ணின் ஒரு நாள் கூலியோடு, பெரிய குவளை ஒன்றின் விலை ஏறக்குறையப் போட்டி போடும். ஆகவே இது எல்லோருக்கும் உரிய உல்லாசம் அல்ல.

பாலாற்றங்கரையில் இதற்கு இடமும் இல்லை. அதற்கு நீண்ட கதை உண்டு. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. பிறகு வட ஆர்க்காடு உள்ளிட்ட ஜில்லாக்களுக்கும் அதை விரிவாக்கியது. வேலூரும் ஆம்பூரும் அந்த வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. 1948-ல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்ந்தது. பிறகு வருவதும் போவதுமாக இருந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தோன்றியது. 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று. பெங்களூரில் போல விடுதிதோறும் காய்ச்சும் முறை இங்கே வேர் விடவில்லை. மேலும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்த இஸ்லாமியக் குடும்பங்களுக்கு மது விலக்கப்பட்ட பொருள். அந்த ஊர்களில் விருந்து என்றால் பிரியாணி. பானம் என்றால் தேநீர்.

ஆக, பீர் இங்கே இல்லை என்பது பெரிய குறை அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

நடுவில் நடந்தது என்ன?

பாலாறு என்றைக்குமே வருஷம் முழுவதும் பாய்ந்த ஆறு அல்ல. அதன் செல்வம் மணலுக்கு அடியில் இருந்தது. மணலைத் தோண்டினால் ஊற்று. அந்த ஊற்றிலிருந்து வெட்டிய ஊற்றுக்கால்களில் தண்ணீர் வயலுக்குப் போகும். கோடையின் கடைசியில் மாலை நேரத்தில் ஆற்றுமணலில் உட்கார்ந்து பேசுவதும், பிள்ளைகள் ஊற்றுக் குழியில் இறங்கிக் குளிப்பதும் கரையோர ஊர்களின் வழக்கமாக இருந்தது. செலவில்லாத பொழுதுபோக்கு அது.

தோல் தொழிலும் பழமையானதே. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊற வைத்துப் பதப்படுத்தியது பழைய முறை. 1970-களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு மத்திய சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. முழுதாகப் பதப்படுத்தி விற்றால் நாட்டுக்கு வருமானம் அதிகம் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே. வேலை பெருகிற்று, அந்நியச் செலாவணி வந்தது. கூடவே குரோமிய முறையும் பெருகிற்று.

கெடுதலுக்குக் குரோமியம் மட்டும் காரணம் அல்ல. தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பில் இடுகிறார்கள். ஆலைக்கு வந்ததும் அந்த உப்பைக் கழுவி விடுகிறார்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் பல ஆண்டுகள் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பட்டது. குரோமியம் பெரும்பாலும் மண்ணில் தங்கி விடும். உப்போ தண்ணீரோடு கரைந்து கிணறு கிணறாக நடந்து போகும். நிலம் பாழாயிற்று. தோல் பட்டை முழுவதிலும் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக விவசாய ஆராய்ச்சி நிலையம் கண்ட கணக்கும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி அந்தத் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும்; கெடுதல் வருமுன் காக்க வேண்டும் - இந்த இரண்டு தத்துவங்களும் இந்த நாட்டின் சட்டமே என்று கோர்ட்டு அறிவித்தது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரி மாணவர்கள் வேலூரின் பெயரைப் படிப்பது இந்த வழக்கினால்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. கழிவு நீரைச் சவ்வு வழியே வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தும் முறையும் வந்தது.

ஆயினும் விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்பு அளித்தது. பாக்கியுள்ளவர்களுக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்து, கெடுத்தவர்களிடமிருந்து அதை வசூலிக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஆற்றைச் சீர்படுத்த ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் சொன்னது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்! அப்போது பிறந்த குழந்தை இப்போது பிள்ளை பெற்றிருக்கும்.

குற்றம் தோல் ஆலைகளை மட்டும் சேர்ந்தது என்று சொல்வதும் நியாயமல்ல. ஊர்ச் சாக்கடை ஆற்றில்தான் விழுகிறது. மணலை அள்ளி அள்ளி ஊற்றின் மடியையே பறித்து விட்டார்கள். மேலே ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் தடுப்பணைகள் எழுந்தன. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, ஜனங்கள் பாலங்களில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ஆறு ஓடுவதே வேடிக்கையாகி விட்ட காலம்!

யார் காவல்?

இங்கேதான் பீரும் அலையும் ஒரு பாடம் சொல்கின்றன.

பீர் காய்ச்சுகிறவனுக்குத் தண்ணீர்தான் முதல். ஒரு லிட்டர் பீருக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும். அந்தத் தண்ணீர் கெட்டால் அவன் சரக்கே கெடும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, விடுதிக்காரர்களுக்கும் அந்தக் கவலை புரிந்தது. அலையில் சறுக்குகிறவனுக்கும் அப்படியே. விழுந்தால் அந்தத் தண்ணீர் அவன் வாயிலும் கண்ணிலும் போகும். ஆகவே கடற்கரையில் குப்பை கண்டால் முதலில் குனிந்து பொறுக்குகிறவன் அவன்தான்.

தோல் பதனிடுவதில் கணக்கு வேறு. தண்ணீர் கெட்டால் தோல் கெடாது. தோல் பளபளப்பாகக் கப்பலேறிப் போய்விடும். கெடுவது அடுத்தவன் கிணறு. இலாபம் ஓரிடத்திலும் நஷ்டம் வேறிடத்திலும் விழுந்தால் அங்கே காவல் இராது. அப்படிப்பட்ட இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. சட்டமோ 28 ஆண்டு நடந்து வருகிறது.

ஜனங்கள் இறங்கிக் குளித்தும் குடித்தும் விளையாடியும் பழகிய தண்ணீருக்கு ஆயிரம் காவல்காரர்கள் உண்டு. யாரும் இறங்காத தண்ணீருக்கு ஒரு காவல்காரனும் இல்லை. பாலாற்றின் நிலைமை இதுதான். விளையாட்டுப் போயிற்று, கூடவே காவலும் போயிற்று.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆற்றங்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, ஆறும் கிணறும்தான். ஆறு வறண்டு கிணறும் கெட்ட இடத்தில் நீச்சல் தெரியாத தலைமுறை வளருகிறது. அந்தப் பிள்ளைகள்தான் மழை பெய்ததும் கல் குவாரிக் குட்டையிலும், மணல் அள்ளிய பள்ளத்திலும் இறங்குகிறார்கள். கடலுக்குப் போனால் அலையின் இழுப்பு தெரியாமல் கால் வைக்கிறார்கள். அலைச்சறுக்குப் பள்ளியில் பயிற்சியாளர் முதலில் கேட்கும் கேள்வி, “நீச்சல் தெரியுமா?” என்பதுதான். பாலாற்றங்கரை வாலிபன் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

செய்யத் தக்கது

தோல் ஆலைகளை மூடி விட வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆயிரக் கணக்கான வீடுகளில் அடுப்பு எரிவது அவற்றால்தான். பெண்கள் சொந்தக் காலில் நிற்க வழி செய்ததும் அந்தச் செருப்பு ஆலைகள்தான். ஆனால் உப்பை ஆலைக்கு வருமுன்பே உதறி எடுப்பது, வடிகட்டிய நீரைத் திரும்பப் பயன்படுத்துவது, பிரித்தெடுத்த உப்பைப் பத்திரப்படுத்துவது - இவை முடியாத காரியங்கள் அல்ல. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. வழி தெரியாமல் நிற்கவில்லை. வழியில் நடக்க வேண்டும்.

கூடவே ஊர்களும் ஒன்று செய்யலாம். கோவளத்துக் குப்பம் தன் பிள்ளைகளுக்குத் தன் கடலிலேயே ஒரு விளையாட்டைக் கண்டு பிடித்துக் கொடுத்தது. குடிக்கும் விடை சொன்னது. அந்தப் புத்தியை ஆம்பூரும் வாணியம்பாடியும் கடன் வாங்கலாம். ஊருக்கு ஒரு சுத்தமான ஏரி, ஒரு நீச்சல் துறை, மாலையில் உட்கார ஒரு கரை. நஷ்ட ஈடாக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் கெடுதல் இல்லை. பிள்ளைகள் இறங்கும் ஏரியில் கழிவு நீரைத் திறந்து விட எந்த முதலாளிக்கும் கை கூசும். ஏனென்றால் அவன் பேரனும் அதில் நீந்துவான்.

ஞாயிற்றுக்கிழமை இரவு. மேற்கே போனவர்களும் கிழக்கே போனவர்களும் ஒரே நெடுஞ்சாலையில் திரும்பி வருகிறார்கள். ஒருவர் நாக்கில் ஹாப்ஸின் கசப்பு. இன்னொருவர் தலைமயிரில் கடல் உப்பு. வண்டிகள் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகின்றன. கீழே இருட்டு. தண்ணீரின் ஓசை இல்லை. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்க்கிற நாள் வர வேண்டும். பாலத்தில் வண்டியை நிறுத்தி, “இங்கேயே இறங்கிக் கொள்ளலாமே!” என்று ஒரு வாலிபன் சொல்கிற நாள் எதுவோ, அதுவே வேலூர் வழக்கில் உண்மையாகத் தீர்ப்புக் கிடைத்த நாள்.